தெருநாயா, வீட்டு நாயா? நாய் கடித்த அன்று கேட்கப்படும் முதல் கேள்வி

அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போடும் அறையை யாரையும் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு வரிசை நிற்கும், அதுதான். பால்காரர், டியூஷன் போகிற பிள்ளை, வாக்கிங் போன ஓய்வுபெற்ற வாத்தியார், பார்சல் கொடுக்கப் போன பையன் என்று எல்லா வகை ஆட்களும் அதில் இருப்பார்கள். மேஜையில் சீட்டு எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "தெருநாயா, வீட்டு நாயா?"

போன வருடம் அந்த வரிசையில் என் தங்கை மகனோடு நின்றேன். ஒன்பது வயது. தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவனை, திறந்து கிடந்த கேட் வழியாகப் பாய்ந்து வந்த பக்கத்து வீட்டு நாய் கெண்டைக்காலில் பிடித்துவிட்டது. கேள்வி வந்ததும் தங்கை யோசிக்கவே இல்லை. "தெருநாய்" என்றாள். வெளியே வந்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நாளைக்கு அவங்க முகத்துல முழிக்க வேணாமாண்ணா?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. வீட்டு நாய் என்றால் மருத்துவர் அதைப் பத்து நாள் கவனிக்கச் சொல்ல முடியும். தெருநாய் என்றால் அது மறுநாள் எங்கே இருக்கும் என்றே தெரியாது. சட்டத்தின் கணக்கு வேறு. வீட்டு நாய்க்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் இருக்கிறார். தெருநாய்க்கு உள்ளாட்சியைத்தான் கேட்க வேண்டும், அது சுற்றுப் பாதை. கடிபட்ட பதற்றத்தில், முகத்தாட்சண்யத்துக்காகச் சொல்கிற பதில் நாம் எந்தப் பாதையில் போகப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிடுகிறது. பின்னால் மாற்றிச் சொல்லலாம்தான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தச் சீட்டைத்தான்.

2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.80 லட்சம். அதே ஆண்டில் ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர் என்பது அரசுக் கணக்கு. நாய்க்கடி ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இந்த 43 என்ற எண் உறுத்த வேண்டிய எண்.

குழாயடியில் 15 நிமிடம்

சட்டத்துக்கு முன்னால் உடம்பு. ரேபிஸ் கிருமி ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. கடிபட்ட இடத்தில் தசையில் தங்கி, நரம்பைப் பிடித்து, மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. அதனால்தான் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து நோய் தெரிகிறது. சில நாட்களிலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். தலை, முகம், கழுத்து, கைவிரல் போன்ற இடங்களில் கடித்தால் அவகாசம் குறைவு. அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நிலைக்கு வந்தவரை எந்த ஊசியும் மீட்காது. நமக்கு இருப்பதெல்லாம் கிருமி நரம்பில் ஏறுவதற்கு முன் கிடைக்கிற அவகாசம்தான்.

அந்த அவகாசத்தில் முதல் வேலை சோப்பும் ஓடுகிற தண்ணீரும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். எண்ணெய்ப் பாத்திரம் சோப்பில் சுத்தமாவதும் இந்த வகையில்தான். குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். சொல்லும்போது சின்ன நேரமாகத் தெரியும். அழுகிற பிள்ளையை இடுப்பில் அணைத்தபடி, காலைக் குழாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று கை விட்டுவிடும். கைபேசியில் டைமர் வைத்துக்கொண்டு நின்றால்தான் 15 நிமிடம் ஆகும். பிறகு வீட்டில் இருந்தால் போவிடோன் அயோடின் போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். அவை புண்ணைக் கிளறி, கிருமி நரம்பைத் தொட வழி செய்து கொடுக்கும். மந்திரிக்கப் போவதென்றால் ஊசி போட்டுவிட்டுப் போங்கள், உங்கள் நம்பிக்கைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

மருத்துவமனையில் கடியை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். நாயைத் தொட்டது, காயமில்லாத தோலை அது நக்கியது முதல் வகை. அதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம். ரத்தம் வராத கீறலும் சிராய்ப்பும் இரண்டாம் வகை, தடுப்பூசி போதும். தோலைத் துளைத்து ரத்தம் வந்தது, ஏற்கெனவே இருக்கும் புண்ணை நாய் நக்கியது, அதன் எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டது எல்லாம் மூன்றாம் வகை. இங்கே தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தும் வேண்டும். சீரம் என்றும் சொல்வார்கள்.

நம்மில் பலருக்கும் தெரியாமல் போவது இந்த இரண்டாவது மருந்துதான். தடுப்பூசி போட்ட உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் காயத்தில் இருக்கும் கிருமியைத் தடுக்க, தயார் நிலையில் உள்ள எதிர்ப்புச் சக்தியைக் காயத்திலும் அதைச் சுற்றியும் நேராகச் செலுத்துகிறார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிலிருந்து எடுத்தது என்றால் 40 யூனிட். காயத்துக்குள்ளேயே குத்துவதால் வலிக்கும், பிள்ளைகள் கத்துவார்கள். அதைப் பார்த்துப் பெற்றவர்கள் பின்வாங்கிவிடக் கூடாது. முதல் நாள் கிடைக்காவிட்டாலும், முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். சிறிய நிலையத்தில் சீரம் இருப்பு இல்லை என்று சொன்னால், தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு, சீரத்துக்கு அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். "இது மூன்றாம் வகையா, சீரம் வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை. இன்னொன்று, காயம் எவ்வளவு பிளந்திருந்தாலும் உடனே தையல் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தைத்தே ஆக வேண்டும் என்றால் சீரம் போட்ட பிறகுதான் தைப்பார்கள்.

அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தோலுக்குள் போடுகிறார்கள். இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28ஆம் நாட்களில். 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடிபட்ட நாள் இல்லை. தனியாரில் தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி. நான்கு போட்டால் குறைவு, ஐந்து போட்டால் நிறைவு என்று கணக்குப் போட வேண்டாம். இரண்டும் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற முறைகள். சின்னக் குழந்தைக்குத் தொடையில் போடுவார்கள், பிட்டத்தில் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். கறி, மீன் தொடக் கூடாது என்ற பத்தியம் எதுவும் கிடையாது. முன்பே முழுக் கோர்ஸ் போட்டவர் என்றால் 0, 3 என இரண்டே ஊசி, சீரம் தேவையில்லை. அதற்குப் பழைய அட்டை கையில் இருக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி பற்றிய பயம் மட்டும் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. அது உண்மையாக இருந்த ஊசிதான். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து, வயிற்றில் பத்து நாளுக்கு மேல் தினமும் ஒன்று குத்துவார்கள். 1900ல் கசௌலியில் தொடங்கிய நிலையம் மட்டும் இருந்த காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் நாய்க்கடி சிகிச்சைக்காக இமயமலை அடிவாரம் வரை ரயிலேற வேண்டியிருந்தது. 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்த பிறகுதான் தெற்கே விமோசனம். அந்த ஆட்டு மூளை மருந்தை 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா அடியோடு நிறுத்திவிட்டது. இன்று போடுவது புஜத்தில் ஒரு எறும்புக்கடி அளவுதான்.

அப்புறம் அந்தப் பத்து நாள் கணக்கு. கடித்த நாயின் எச்சிலில் அப்போது கிருமி இருந்திருந்தால், பத்து நாளுக்குள் அந்த நாய் நோய் கண்டு இறந்துவிடும். இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கிறார்கள். ஊசியை இன்றைக்கே தொடங்க வேண்டும், நாயையும் கவனிக்க வேண்டும். பத்தாம் நாளும் நாய் நலமாக இருந்தால் மிச்ச ஊசிகளை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார். நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று உரிமையாளர் சத்தியம் செய்தாலும் இதேதான். எந்தத் தடுப்பூசியும் நூற்றுக்கு நூறு இல்லை.

சீட்டு, ரசீது, ஒரு வாட்ஸ்அப் செய்தி

தங்கை மகனுக்குக் காயம் சீழ் வைத்தது. தனியார் கிளினிக்கில் மூன்று வாரம் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. செலவு கையைக் கடிக்கவும், தங்கை கணவர் பக்கத்து வீட்டில் போய்ப் பேசினார். அவர்கள் நல்ல மனிதர்கள்தான், விசேஷ நாளில் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர்கள். ஆனால் பணம் என்று வந்ததும் பேச்சு மாறியது. "ஆஸ்பத்திரியில நீங்களே தெருநாய்னுதானே சொன்னீங்களாம்?" அதற்கு மேல் பேச அவரிடம் ஒன்றும் இல்லை.

சட்டம் என்னவோ கடிபட்டவர் பக்கம்தான் இருக்கிறது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரக்கூடும் எனும்போது, தெரிந்தோ கவனக்குறைவாகவோ அதைத் தடுக்கத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1க்கு முன் இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆவது பிரிவாக இருந்தது, அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. அலட்சியத்தால் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்குவதைப் பற்றிய 125ஆவது பிரிவையும் சேர்ப்பதுண்டு. அதில் கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை போகும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியபோது உரிமையாளர் கைதானது பழைய 289ஆவது பிரிவும் சேர்ந்த வழக்கில்தான்.

291 ஜாமீனில் வரக்கூடிய குற்றம். பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிற விஷயம் என்றே என் எண்ணம். பக்கத்து வீட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்புவதற்காகப் புகார் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தேதியில், எந்த இடத்தில், யாருடைய நாய் கடித்தது என்பது ஒரு அரசு ஏட்டில் ஏறுகிறதே, அதுதான் அந்தப் புகாரின் உண்மையான பயன். புகாரை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டேஷனில் உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வர வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. புகாரையே வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

மருத்துவமனைச் சீட்டில் மூன்று விஷயம் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். கடித்தது யாருடைய நாய், எந்த இடத்தில், காயம் எந்த வகை. பெரிய காயம் என்றால் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் காயச் சான்றிதழ் கேட்கும்போது உதவும். காயத்தைக் கழுவிய கையோடு ஒரு போட்டோ, பிறகு கட்டு மாற்றும்போதெல்லாம் ஒன்று. தழும்பு மெல்ல மங்கிவிடும், வழக்கு அவ்வளவு வேகமாக நகராது. தெருவில் எந்த வீட்டிலாவது கேமரா இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து, மேலே புதியது ஏறிவிடும்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. நாயின் சொந்தக்காரருக்கு அன்று மாலையே மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி: "சார், இன்னைக்குக் காலைல உங்க நாய் எங்க பையன் கால்ல கடிச்சிருச்சு. டாக்டர் கேக்குறார், அதுக்கு ரேபிஸ் ஊசி போட்ட கார்டு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க." இதில் சண்டையே இல்லை. மருத்துவருக்கு உண்மையாகவே தேவைப்படுகிற தகவல். பதிலாக "அடடா, பரவாயில்லையா இப்போ? கார்டு இதோ" என்று வந்தால், நாய் யாருடையது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. அந்த உரையாடலை மட்டும் அழித்துவிட வேண்டாம்.

நஷ்டஈடு கேட்பது தனி வழக்கு, சிவில் நீதிமன்றத்தில். நாய் சாதுவான பிராணி என்பது சட்டம் பழங்காலம் தொட்டு எடுத்துக்கொள்கிற அனுமானம். அதனால் இந்த நாய் கடிக்கக்கூடியது என்று சொந்தக்காரருக்கு முன்பே தெரியும், அல்லது அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் காட்ட வேண்டும். கேட் திறந்து கிடந்ததும், சங்கிலி இல்லாமல் தெருவுக்கு வந்ததும் கவனக்குறைவு. முன்பே ஒருவரைக் கடித்திருக்கிறது, குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால் தெரியும் என்பதற்குச் சாட்சி. சுவரில் தொங்கும் "நாய்கள் ஜாக்கிரதை" பலகையால் மட்டும் அவர் தப்பிவிட முடியாது. கடிக்கும் என்று தெரிந்துதானே மாட்டினார் என்று நம் வக்கீல் கேட்கலாம். அவர் பக்கமும் பேச்சு உண்டு. பையன் கல்லெறிந்தான், கேட்டைத் தாண்டி உள்ளே வந்தான் என்று நிரூபித்தால் தொகை குறையும் அல்லது வழக்கே நிற்காது. சென்னையில் செல்ல நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. உரிமம் எடுக்காமல் வளர்த்தவர் என்றால் அதையும் எழுத்தில் வையுங்கள்.

மருந்துச் செலவு, ஆட்டோ செலவு, லீவு போட்டதில் போன சம்பளம், தழும்பு, பிள்ளை நாயைக் கண்டால் நடுங்குகிற அந்தப் பயம் எல்லாவற்றுக்கும் தொகை கேட்கலாம். வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, காயம் ஆறட்டும் என்று வருடக்கணக்கில் தள்ளாதீர்கள். ஆனால் சின்னக் காயத்துக்கு சிவில் வழக்கு என்பது கொசுவுக்குக் கோடாரி. முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ், அல்லது தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, மருந்துச் செலவை வாங்கிக் கொடுத்து அனுப்புவது அங்கே நடக்கிற காரியம்தான். முகத்தில் முழிக்கிற பிரச்சினையும் வராது. வேலை நேரத்தில் கடிபட்டவர், ஈ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனியில் இருந்தால், அதைப் பணியிடக் காயமாக அன்றே மேலாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். டெலிவரி பையன்கள் இதைச் செய்வதே இல்லை, மருந்து போட்டுக்கொண்டு அடுத்த ஆர்டருக்கு ஓடுகிறார்கள்.

உண்மையாகவே தெருநாய் என்றால்

தெருநாயைப் பிடித்து, கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதும் அந்த விதிதான். கடித்த நாயைக் கொண்டுபோய் எங்காவது விடுங்கள் என்று நாம் கேட்டால் மாநகராட்சி ஊழியர் கையை விரிப்பது இதனால்தான், அவர் மெத்தனத்தால் மட்டும் இல்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லியின் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, 22ஆம் தேதி அதைத் திருத்தியது. ரேபிஸ் நாயும் வெறித்தனமாக நடக்கும் நாயும் தவிர மற்றவற்றைத் திரும்ப விடலாம், கண்ட இடத்தில் சோறு வைக்காமல் ஒதுக்கிய இடத்தில் வைக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி உத்தரவு இன்னும் ஒரு படி போனது. பள்ளி கல்லூரிகள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது, மருத்துவமனைகள் ஊசியும் சீரமும் எப்போதும் இருப்பு வைத்திருக்க வேண்டும். உங்களைக் கடித்தது பஸ் ஸ்டாண்டிலோ பள்ளி வளாகத்திலோ என்றால் புகாரில் இந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள்.

புகாரைச் சென்னையில் 1913க்குச் சொல்லலாம், மற்ற ஊர்களில் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம், முதல்வரின் உதவி மையம் 1100. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும். தொலைபேசியில் சொன்னாலும் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே தெருவில் இன்னொருவரைக் கடித்தால், உள்ளாட்சிக்கு முன்பே தெரியும் என்பதற்கு உங்கள் எண்தான் அவருக்கு ஆதாரம்.

நஷ்டஈடு? பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கறாராக ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தது. ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000 ரூபாய், மாவட்டக் குழு நான்கு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். கேரளத்தில் 2016ல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிரி ஜெகன் குழு மனுக்களைப் பார்த்துத் தொகை பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் கடிபட்ட ஒவ்வொருவரும் அதுபோல் கையில் எடுத்துக்கொள்ள ஒரு கணக்கு அட்டவணை இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, உள்ளாட்சி தன் கடமையைச் செய்யவில்லை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை பறிபோனது என்று வாதாட வேண்டும். பெரிய காயம், உயிரிழப்பு என்றால்தான் இவ்வளவு தூரம் போக முடியும். அப்படிப் போவதற்கு முன் 10 ரூபாய் செலவில் ஒரு வேலை செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி: எங்கள் வார்டில் போன ஆண்டு எத்தனை நாய்க்குக் கருத்தடை, எத்தனைக்கு ரேபிஸ் ஊசி, இந்தத் தெருவிலிருந்து எத்தனை புகார், ஒவ்வொன்றின் மேலும் என்ன நடவடிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும். "நடவடிக்கை இல்லை" என்று அவர்களே எழுதிக் கொடுத்த ஒரு வரியை விடப் பெரிய சாட்சி கிடைக்காது.

தினமும் சோறு வைக்கிறவர்தான் சொந்தக்காரர் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. சோறு வைத்ததாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. கழுத்தில் பட்டை போட்டு, ராத்திரி கேட்டுக்குள் படுக்க வைத்து, ஆளைக் கண்டால் ஏவிவிடுகிறார் என்றால் வாதம் மாறும். இன்னொரு பக்கம், கோபத்தில் பிஸ்கட்டில் விஷம் வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. நாய் கடித்ததற்கு ஆறு மாதம், நாயைக் கொன்றதற்கு ஐந்து வருடமா என்று கேட்டுக் கொதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று கவனக்குறைவு, மற்றது வேண்டுமென்றே செய்வது, சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை. அதுவும் தவிர, கடித்த நாயைக் கொன்றுவிட்டால் பத்து நாள் பார்க்க நாய் இருக்காது.

28ஆம் நாள் ஊசிக்குத் தங்கை என்னையும் கூப்பிட்டாள். முதல் மூன்று ஊசிக்கு இருந்த பதற்றம் போய்விட்டதால், பரீட்சை இருக்கிறது, லீவு போட முடியாது என்று பையன் அடம் பிடித்தான். இழுத்துக்கொண்டுதான் போனோம். மேஜையில் வேறு ஒருவர் இருந்தார். அட்டையை வாங்கினார், தலையை நிமிர்த்தாமலே அதே கேள்வியைக் கேட்டார். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டு நாய் சார்" என்றாள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல தெருநாய்னு போட்டிருக்கே" என்றார். எதையும் திருத்தவில்லை. நான்காவது கட்டத்தில் தேதியை எழுதி, பையனிடம் நீட்டினார்.